பெட்ரோலில் பிறந்து டீசலில் ஓடும் பழைய ஜீப்: வீட்டிலேயே மாற்றியமைக்கத் தொடங்குபவருக்கு

என் மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியில் இரண்டு கிளட்ச் பிளேட்டுகள் கிடக்கின்றன. இரண்டும் புதியவை, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதவை. முதலாவதை வண்டியின் பெயரைச் சொல்லி வாங்கினேன். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பற்களில் அழகாக ஏறியது, ஆனால் டீசல் இன்ஜினின் பிரஷர் பிளேட்டுக்கு (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு) விட்டம் போதவில்லை. இரண்டாவதை இன்ஜினின் பெயரைச் சொல்லி வாங்கினேன். விட்டம் சரியாக இருந்தது, ஷாஃப்டில் ஏறவில்லை. ஒன்றின் நடுப்பகுதியை இன்னொன்றின் தகட்டில் ரிவெட் அடித்துத்தான் இந்த வண்டியில் போட்டிருக்கிறார்கள் என்பது மூன்றாவது வாரம்தான் தெரிந்தது. அதுவரை கியர்பாக்ஸ் தரையில், வண்டி ஸ்டாண்டில்.

யாரோ எப்போதோ டீசலுக்கு மாற்றிய வண்டி பெயருக்குத்தான் ஒன்று. உள்ளே இரண்டு மூன்று வண்டிகள் இருக்கும். அதை மறந்துவிட்டு உயரம் கூட்டவும் டயர் மாற்றவும் கிளம்பினால் என்னைப் போல அட்டைப்பெட்டி நிரம்பும்.

1. முதலில் வண்டியைப் படியுங்கள்

ஒரு தடித்த நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு முழுநாள் துணியும் டார்ச்சுமாக வண்டிக்கு அடியில் கிடந்து எண்களை எழுதுங்கள்.

இன்ஜின் எண்ணை பிளாக்கின் பக்கவாட்டில் தேடுங்கள். மேல்மூடியில் இருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், மூடி வேறு இன்ஜினிலிருந்து வந்திருக்கலாம். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்ப். டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்புவது அதுதான். பாஷ் நிறுவனத்தின் விஇ வகை ரோட்டரி பம்ப் என்றால் அதன் தகட்டில் 0 460 என்று தொடங்கும் பத்து இலக்க எண் இருக்கும். டீசல் பம்ப் வேலை தெரிந்தவரிடம் அந்த எண்ணைக் கொடுத்தால், எந்த இன்ஜினுக்கு வந்த பம்ப் என்று பார்த்துச் சொல்லிவிடுவார். இன்ஜின் எண் ஒன்று சொல்லி, பம்ப் எண் வேறொன்று சொன்னால் அதையும் எழுதிவையுங்கள்.

இன்ஜின் குடும்பம் தெரிந்துவிட்டது என்று அத்தோடு நிறுத்தாதீர்கள். லேண்ட் ரோவர்களில் அடிக்கடி உட்காரும் 200 டிடிஐ, 300 டிடிஐ என்ற டீசல் இன்ஜின்கள் இரண்டுமே 2,495 சிசிதான். ஆனால் டைமிங் பெல்ட் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் வைக்கும் பல் பட்டை) வேறு. 200-லேயே டிஸ்கவரி மாடலிலிருந்து வந்ததற்கும் டிஃபெண்டர் மாடலிலிருந்து வந்ததற்கும் டர்போ உட்காரும் இடம் வேறு. எனவே எந்த வண்டியிலிருந்து, எந்த ஆண்டு என்பதுவரை போக வேண்டும்.

பிறகு கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி), முன் பின் ஆக்சில். ஆக்சில் விகிதத்தைக் கண்டுபிடிக்கக் கழற்ற வேண்டியதில்லை. ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து கியரை நியூட்ரலில் போடுங்கள். ஒரு சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றதை இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் புரொப்பல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்கு இழுவை கொண்டுவரும் நீண்ட தண்டு) எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் விகிதம் (ஆக்சில் நடுவே இருப்பது பூட்டு இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் மட்டும்). முன்னும் பின்னும் ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் ஃபோர் வீல் போடும் எண்ணத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிய கணமே ஹேண்ட் பிரேக் பிடிப்பதாகத் தோன்றினாலும் பிடிக்காது. தூக்கிய சக்கரம் சும்மா சுற்ற, வண்டி உருண்டுவிடும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் ஜாக்கை எடுக்காதீர்கள்.

கடைசியாக மின்சாரம். மாற்றிய இன்ஜின் சிறு லாரியிலிருந்து வந்ததென்றால் அது 24 வோல்ட்டாக இருந்திருக்கலாம். ஸ்டார்ட்டர், ஹீட்டர் பிளக் (குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகச் சூடு தருவது), ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது) மூன்றின் மேலும் என்ன வோல்ட் எழுதியிருக்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள்.

2. காகிதங்களை முடிக்காமல் பொருள் வாங்காதீர்கள்

பதிவுச் சான்றில் எரிபொருள், இன்ஜின் எண், சிசி மூன்றும் இருக்கும். நீங்கள் நோட்டில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். என் சான்றில் எரிபொருள் டீசல் என்று சரியாக இருந்தது, இன்ஜின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. எழுத்துப் பிழைதான். ஆனால் அதைத் திருத்தும்வரை அடுத்த மாற்றத்துக்கு மனுவே கொடுக்க முடியவில்லை. பழைய மாற்றம் பதிவாகாத வண்டியின் மேல் புதிய மாற்றங்களை அடுக்கினால் பின்னால் எதையும் பிரித்துக் காட்ட முடியாது.

விதி நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் முன் அனுமதி வேண்டும், சில இடங்களில் வேலை முடிந்தபின் பொறியாளர் சான்று போதும், சில மாற்றங்களுக்கு அனுமதியே கிடையாது. நீங்கள் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை மூன்று: எவ்வளவு உயரம் கூட்டலாம், டயர் விட்டம் எவ்வளவு மாறலாம், புகைச் சோதனைக்கு வண்டியின் ஆண்டைப் பார்ப்பார்களா இன்ஜினின் ஆண்டையா. கவுன்டரில் வாயால் கேட்ட பதில் அடுத்த கவுன்டரில் செல்லாது.

சேர்த்துவைக்க வேண்டிய காகிதங்கள்: இன்ஜின் வாங்கிய ரசீது (பழைய உரிமையாளரிடம் கெஞ்சியாவது வாங்குங்கள்), அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற விவரம், நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளின் பில், வேலைக்கு முன்னும் பின்னும் தேதியோடு படங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றப்போகும் பட்டியலை முன்கூட்டியே எழுத்தில் அனுப்புங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு அவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

நான் விழுந்த குழி ஒன்று. இன்ஜின் மவுண்ட் பிராக்கெட்டை வெல்டு செய்து, பளபளவென்று பெயின்டும் அடித்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட்டேன். வெல்டிங்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஒரு ஞாயிறு முழுக்கப் பெயின்டைச் சுரண்டினேன். வெல்டிங் முடிந்ததும் கூப்பிடுங்கள், பெயின்ட் அப்புறம்.

3. பணமும் நாளும்

கணக்கை மூன்று பத்தியாக (நெடுவரிசையாக) எழுதுங்கள். முதல் பத்தியில் பொருள். இரண்டாவதில் அந்தப் பொருளைப் பூட்ட என்னென்ன வேண்டும். மூன்றாவதில், கழற்றும்போது உடையப்போவது. லீஃப் ஸ்பிரிங் என்று ஒரு வரி எழுதினால், எதிரே யூ-போல்ட், ரப்பர் புஷ், ஷேக்கிள் பின் (ஸ்பிரிங்கின் முனையை வண்டியோடு பிணைப்பது), நீளமான பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர், பிரேக் ஆயில் என்று வரிசையாக வரும். என் நோட்டில் இரண்டாவது பத்தி முதல் பத்தியில் பாதி அளவுக்கு வந்து நின்றது. மூன்றாவதை நான் எழுதவே இல்லை, அதனால்தான் நடுவழியில் கை வறண்டது.

நாள் கணக்கு இதைவிட மோசம். நான்கு ஸ்பிரிங்கையும் மாற்ற ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்தேன். மூன்று வார இறுதி ஆனது. முதல் இரண்டும் ஒரே ஒரு ஷேக்கிள் போல்ட்டுக்குப் போயின. புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட போல்ட்டை எந்த ஸ்பேனரும் அசைக்காது. ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவந்தால் பாதி போல்ட் தானாக வழிக்கு வரும். மீதியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கான பிளேடையும் புதுப் போல்ட்டையும் முன்பே வாங்கிவையுங்கள்.

லேத் வேலை, பம்ப் காலிபரேஷன், ஹோஸ் பிரஸ் செய்வது போன்று வெளியே கொடுக்கும் வேலைகளை முதலில் கொடுத்துவிடுங்கள். நம் கையில் இல்லாத நாட்கள் அவைதான். தினமும் வேலைக்குப் போகும் வண்டி இதுவே என்றால் இந்தக் கட்டுரையை இப்போதைக்கு மூடிவைத்துவிடலாம்.

4. கை கால் பத்திரம்

ஜாக் தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்டு, அதுவும் கான்கிரீட் தரையில். மண் தரை என்றால் அடியில் தடித்த பலகை போடுங்கள்.

இன்ஜெக்டர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். பழைய மெக்கானிக்கல் பம்பே 100 பாருக்கு மேல், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல், அழுத்தத்தில் தள்ளுகிறது. ஊசி குத்தியதுபோலச் சின்னப் புள்ளிதான் தெரியும், டீசல் தோலுக்குள் போயிருக்கும். வலி இல்லையே என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது. கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைக் காட்டுங்கள்.

டர்போவின் சீல் போய், இன்ஜின் தன் ஆயிலையே குடித்துக் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றி ஸ்டார்ட் செய்யும் நாட்களில் அந்த வாயை மூடும் அளவுக்கு ஒரு மரப்பலகை பக்கத்தில் இருக்கட்டும். கையை வைக்காதீர்கள்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த இடத்தில் வெல்டு வைக்காதீர்கள், சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். வேலை முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். தரைவிரிப்புக்கு அடியில் புகைவது உடனே தெரியாது.

5. முதலில் நிற்கட்டும்

உயரம், டயர், விளக்கு எல்லாம் ஆசைதான். ஆனால் டீசல் மாற்றத்தில் முந்தையவர் அரைகுறையாக விட்ட இடங்களை முதலில் சரிசெய்யுங்கள்.

பெட்ரோல் இன்ஜினில் திராட்டில் (காற்று வழியை அடைக்கும் தகடு) மூடும்போது உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக் பூஸ்டரை (கால் அழுத்தத்தைப் பெருக்கித் தருவது) இயக்குகிறது. டீசலில் அந்த வெற்றிடம் கிடையாது, தனி வேக்யூம் பம்ப் வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு பெடலை ஐந்தாறு முறை அழுத்துங்கள். பிறகு அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பம்ப், ஹோஸ், ஒருவழி வால்வு மூன்றையும் பாருங்கள்.

அடுத்து வெப்பமானி. டேஷ்போர்டில் இருப்பது பழைய பெட்ரோல் வண்டியின் மீட்டர், இன்ஜின் ஹெட்டில் இருப்பது டீசலின் சென்சார். இரண்டும் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. ஆறிய இன்ஜினிலிருந்து சென்சாரைக் கழற்றி, ஒயரை நீட்டி, அதன் உடலிலிருந்து ஒரு ஒயரை வண்டியின் பாடியோடு இணையுங்கள். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, தெர்மாமீட்டரோடு சென்சாரின் நுனியை அதில் முக்குங்கள். 80, 90, கொதிநிலை மூன்றிலும் முள் எங்கே நிற்கிறது என்று கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். என் வண்டியில் நீர் 90 டிகிரியில் இருக்கும்போதே முள் சிவப்பைத் தொட்டது. அதைப் பார்த்துப் பயந்துதான் முந்தையவர் தெர்மோஸ்டாட்டையே (சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எறிந்திருக்கிறார்!

எரிபொருள் வழி: இன்ஜெக்டரிலிருந்து மிஞ்சும் டீசல் தனிக் குழாயில் டேங்குக்குத் திரும்ப வேண்டும். பெட்ரோல் டேங்கில் அந்தத் துளை இல்லாததால் திரும்பும் குழாயை வரும் குழாயோடு டி (T) வடிவ இணைப்பு போட்டு இணைத்துவிடுவார்கள். சூடும் காற்றும் அங்கேயே சுற்றும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. பம்புக்கு முன் ஒரு சாண் கண்ணாடி போன்ற ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் வழியில் எங்கோ காற்று புகுகிறது.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், எப்போது மாற்றியது என்ற பில் இல்லாதவரை அது பழையது என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

6. ஒயரிங்

மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் ஓடுவதற்கு ஒரே ஒரு ஒயர்தான் முக்கியம், பம்பின் மேல் இருக்கும் ஸ்டாப் சொலினாய்டுக்கு (மின்சாரம் நின்றால் டீசலை அடைக்கும் வால்வு) போவது. பலர் அதைப் பழைய இக்னிஷன் காயில் ஒயரிலேயே கொடுத்துவிடுவார்கள். சில பெட்ரோல் வண்டிகளில் அந்த ஒயர் வேண்டுமென்றே மின்தடையோடு வருகிறது, காயிலுக்கு 12 வோல்ட்டுக்குக் குறைவாகப் போக வேண்டும் என்பதற்காக. சொலினாய்டு குளிரில் பிடித்துக்கொள்ளும், சூடேறியதும் விட்டுவிடும். மேட்டில் பாதி ஏறியபோது என் இன்ஜின் அணைந்துபோனதற்கு இதுதான் காரணம். நான் அதற்குள் இரண்டு ஃபில்டரும் ஒரு ஃபீட் பம்பும் மாற்றி முடித்திருந்தேன். இன்ஜின் ஓடும்போது சொலினாய்டில் மல்டிமீட்டரை வையுங்கள். பேட்டரியில் உள்ள வோல்ட்டுக்கு மிக அருகில் வர வேண்டும்.

ஹீட்டர் பிளக் ஒவ்வொன்றும் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கும் சேர்ந்தால் சாவி சுவிட்ச் தாங்காது. தனி ரிலே, தடித்த ஒயர், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ். டாக்கோமீட்டர் (இன்ஜின் சுழற்சியைக் காட்டும் மீட்டர்) வேலை செய்யவில்லை என்றால் ஆச்சரியமில்லை, அது காயிலின் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தது. ஆல்டர்னேட்டரில் டபிள்யூ (W) என்று குறித்த, சுழற்சித் துடிப்பைத் தரும் முனை இருந்தால், அதற்கேற்ற டீசல் மீட்டர் போடலாம்.

7. உயரம் கூட்டுவது

ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் எடைமேடைக்குப் போங்கள். முன்சக்கரங்கள் மட்டும் ஒரு முறை, முழு வண்டி ஒரு முறை. இரும்பு பிளாக் டீசல் இன்ஜின் பழைய பெட்ரோலைவிடப் பெரும்பாலும் கனம். வண்டியின் பெயரைச் சொல்லி வாங்கும் ஸ்பிரிங் பெட்ரோல் எடைக்குச் செய்தது. நான் அப்படித்தான் வாங்கினேன், ஒரே மாதத்தில் மூக்கு பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. பிற்காலத்தில் வின்ச், இரும்பு பம்பர் போடும் எண்ணம் இருந்தால் அந்த எடையையும் இப்போதே சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்பவர்கள் 50 மில்லிமீட்டரோடு நிறுத்துவது நல்லது என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு அங்குலமும் இன்னொரு வேலையை இழுத்துவரும்.

பழைய உயரத்தைச் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்று கணக்கைக் கெடுக்கும். யூ-போல்ட் எப்போதும் புதிது, பழையது ஏற்கெனவே நீண்டு போனது. ஷேக்கிள், புஷ் போல்ட்டுகளைக் கையால் மட்டும் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டிய பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும்.

இறக்குவதற்கு முன் ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் தளர்வு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். பிறகு எதிர்த்திசை. ஆக்சில் முழுக்க மேலேறும்போது முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் எதில் உரசும்? பெட்ரோல் இன்ஜினோடு காலியாக இருந்த இடத்தில் இப்போது ஆயில் சம்ப்போ, டர்போவின் குழாயோ, அடாப்டர் பிளேட்டின் (புது இன்ஜினையும் பழைய கியர்பாக்ஸையும் இணைக்கும் தகடு) போல்ட்டோ இருக்கும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அந்த இடங்களில் அப்பி, மேடுபள்ளத்தில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவந்து பார்த்தால் எவ்வளவு இடைவெளி மிஞ்சியது என்று தடம் சொல்லும்.

உயரம் கூட்டியபின் நேர்ச்சாலையில் வண்டி அலைந்தால் ஸ்டீயரிங் பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள். காஸ்டர் கோணம் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறைந்திருக்கும். அலைன்மென்ட் கொடுக்கும் இடத்தில் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, தேவையானால் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு போடலாம்.

8. டயர்

205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 என்றால் சுமார் 733. கிட்டத்தட்ட 10 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 66-ல் போய்க்கொண்டிருப்பீர்கள், ஓடோமீட்டரும் குறைவாகவே எண்ணும். டீசல் குறைந்த சுழற்சியில் இழுப்பது என்பதால் நீளமான இந்தக் கியர் அதற்குப் பெரும்பாலும் பொருந்தும், நெடுஞ்சாலையில் இரைச்சலும் குறையும். பிரேக்குக்குத்தான் வேலை கூடும். மாற்றங்களைப் பார்க்கும் அதிகாரிகளின் பரிசோதனைக்குப் போகுமுன் ஸ்பீடோமீட்டரைத் திருத்திவிடுங்கள்.

9. பம்பின் திருகு

சக்தி போதவில்லை என்றதும் எல்லோரும் பம்பின் எரிபொருள் திருகைக் காட்டுவார்கள். திருகினால் இழுவை கூடும், உண்மைதான். கூடவே புகைவாயுவின் சூடும் கூடும், பிஸ்டன் அலுமினியம். டர்போவுக்கு முன்னால் ஒரு வெப்பமானி போடாமல் அதைத் தொடாதீர்கள். 700 டிகிரி செல்சியஸை ஒட்டி நீண்ட நேரம் ஓடக்கூடாது. வெப்பமானிக்குத் துளை போட மேனிஃபோல்டைக் (இன்ஜினிலிருந்து புகைவாயு வெளியேறும் குழாய்த் தொகுதி) கழற்றித்தான் ஆக வேண்டும். வண்டியில் இருக்கும்போதே துளைத்தால் இரும்புத்தூள் நேராக டர்போவின் இறக்கையில்தான் போய் விழும். பிறகு கால் சுற்று, ஓர் ஏற்றம், மீட்டரைப் பார்ப்பது. அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. திருகின் பழைய நிலையை பெயின்டால் குறித்துவைத்தீர்கள் அல்லவா?

10. பூட்டிய பிறகு

முதல் 50 கிலோமீட்டரில் சக்கர நட்டுகளையும் யூ-போல்ட்டுகளையும் டார்க் ரென்ச்சால் மறுபடி இறுக்குங்கள். 500-ல் இன்னொரு முறை, கூடவே இன்ஜின் மவுண்ட், அடாப்டர் பிளேட், புரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளும். டீசல் அதிர்வில் முதலில் தளர்வது இவைதான். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தகடுவரை ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை ஸ்பேனரே வேண்டாம், கோடு உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

தண்ணீரில் இறங்கும் எண்ணம் இருந்தால் ஸ்னார்க்கெல் (இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) வாங்குமுன் ஆக்சில், கியர்பாக்ஸ் இரண்டின் பிரீதர் குழாய்களையும் (உள்ளே காற்று வந்துபோகும் குழாய்கள்) மேலே ஏற்றுங்கள். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இழுப்பது தண்ணீரைத்தான். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் ஏற்கெனவே இழுத்துவிட்டது என்று பொருள்.

பரிசோதனைக்கு நாள் வாங்கும்போது இந்த 500 கிலோமீட்டருக்கு இடம் விட்டு, மூன்று வாரம் தள்ளியே வாங்குங்கள். அன்று கையோடு நோட்டையும், பில் கோப்பையும், பெயின்ட் அடிப்பதற்கு முன் எடுத்த வெல்டிங் படங்களையும் கொண்டுபோங்கள். என் வண்டியைப் பார்த்தவர் அடியில் குனிந்ததைவிட நோட்டைப் புரட்டிய நேரம்தான் அதிகம். கிளட்ச் பற்றி நோட்டில் எழுதிய பக்கத்தில் நின்று, நடுப்பகுதி எந்த வண்டியுடையது, தகடு எதனுடையது என்று கேட்டு எழுதிக்கொண்டார்.